பேட்டன் ஒருவருடையது, உடுப்பு யாருடையது?

ஒருகொடவத்தை என்றதும் வியாபாரிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொள்கலன் யார்டுகள்தான். சாமான் இறங்கிவிட்டதா, சோதனை முடிந்ததா, லொறி எத்தனை மணிக்கு வெளியே வரும் என்ற பேச்சுக்களைத்தான் நாம் இங்கே அதிகம் கேட்டிருக்கிறோம். ஆனால், எந்த யார்டிலும் இறங்காத, சுங்கத்தில் எவரும் பத்திரம் கேட்காத ஒரு சாமான் சில வருடங்களாக எமது பகுதிக்குள் தாராளமாக வந்து கொண்டிருக்கிறது. அதுதான் தையல் பேட்டன்.

முன்னரெல்லாம் புதிய அபாயா மாதிரி ஒன்று தேவைப்பட்டால், டுபாயிலிருந்து வந்த ஓர் உடுப்பை வாங்கி, தையலைப் பிரித்து, பிரவுண் பேப்பரில் வைத்து வரைந்தெடுப்பார் கட்டிங் மாஸ்டர். அந்தக் கடதாசி அவரது அலுமாரிக்குள்ளேயே இருக்கும். இன்று நிலைமை வேறு. வீட்டிலிருந்தபடியே பேட்டன் வரையும் ஒரு சகோதரி அதனை பீடிஎப் பைலாக்கி பேஸ்புக்கில் விற்கிறார். வாங்கியவர் ஏ-4 தாள்களில் அச்செடுத்து, ஒட்டி, துணியின் மேல் விரித்து வெட்டுகிறார். 2016 மே மாத வெள்ளத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கங்களில் அட்டைப் பேட்டன்களைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்களுக்கு, போனுக்குள் பைலாக வைத்திருப்பது பாதுகாப்பாகவும் பட்டது. 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது வீடுகளில் மெஷின்கள் ஓடத் தொடங்கின. 2022இல் டொலர் நெருக்கடி வந்தபோது, இறக்குமதி உடுப்பை நம்பியிருந்த கடைகளும் உள்ளூர்த் தையலின் பக்கம் திரும்பின.

தொழில் பெருகினால் வழக்கும் பெருகும் அல்லவா? துணி வியாபாரத்திலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் என்னிடம் பலரும் கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று: “காசு கொடுத்து வாங்கிய பேட்டனை நான் நண்பருக்குக் கொடுக்கலாமா?” மற்றது: “அந்த பேட்டனில் தைத்த உடுப்பை நான் கடையில் போட்டு விற்கலாமா?”

பெரும்பாலானோர் இவ்விரண்டையும் ஒரே கேள்வியாகவே நினைக்கிறார்கள். சண்டை தொடங்குவதும் இங்கேதான். உண்மையில் இவை இரண்டு வேறு கேள்விகள்; இரண்டு வேறு பதில்களும் உண்டு. அதனை விளக்குவதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கமாகும்.

கடதாசி விற்பனைக்கு வந்த கதை

தையல் பேட்டனை விற்பது புதிய தொழிலல்ல. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற டெய்லர், 1863இல் வெவ்வேறு அளவுகளில் வெட்டப்பட்ட கடதாசி பேட்டன்களை விற்பனைக்கு விட்டார். உடுப்பைத் தைத்து விற்பதற்குப் பதிலாக, உடுப்பைத் தைக்கும் வழியை விற்றார் என்று சொல்லலாம். வீட்டுப் பெண்கள் தமக்குரிய அளவை வாங்கி, தாமே தைத்துக் கொண்டார்கள். அவரது பெயரில் இயங்கிய நிறுவனம் அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கடதாசியை விற்றே பிழைத்தது.

அந்தக் காலத்தில் பிரதி எடுப்பது கடினம். மெல்லிய கடதாசியை இன்னொரு கடதாசியில் வைத்து வரைய வேண்டும். அப்படி வரைந்தாலும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். எனவே விற்பவருக்குப் பெரிய நட்டமில்லை. இன்டர்நெட் வந்த பிறகு பக்கத்து வீடு என்பது உலகம் முழுவதுமாகிவிட்டது.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் இது பெரிய செய்தியானது. தென் கரோலினா மாநிலத்தில் குறுக்குத் தையல் பேட்டன்களை வெளியிட்டு வந்த பெகாசஸ் ஒரிஜினல்ஸ் என்ற சிறிய நிறுவனம், தனது பேட்டன்களை ஸ்கேன் செய்து இன்டர்நெட் குழுக்களில் இலவசமாகப் பரிமாறிக் கொள்கிறார்கள் என்றும், அதனால் தனது விற்பனை சரிகிறது என்றும் முறையிட்டது. அதே காலத்தில்தான் பாட்டுக்களைப் பரிமாறிய நெப்ஸ்டருக்கு எதிராகப் பெரிய இசைக் கம்பனிகள் வழக்காடிக் கொண்டிருந்தன. ஆனால் இங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் இளைஞர்கள் அல்லர். ஓய்வு நேரத்தில் ஊசி நூல் பிடிக்கும் வயதான பெண்மணிகள்! “ஒரு பேட்டன்தானே, தோழிக்குக் கொடுத்தால் என்ன?” என்பதே அவர்களது நியாயம். தோழிகள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள் என்பதுதான் சிக்கல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2006இல் எம்ப்ரொய்டரி டிசைன் நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று, பிரதி டிசைன்களை வாங்கியதாகச் சந்தேகித்தவர்களுக்குப் பணம் கேட்டு மிரட்டல் கடிதங்களை அனுப்பியது. கடிதம் கிடைத்துப் பயந்தவர்கள் ஒரு இன்டர்நெட் குழுவில் கூடி ஆலோசனை கேட்டார்கள். உடனே, அந்தக் குழுவில் சேர்ந்த எல்லோருடைய விபரங்களையும் தருமாறு நீதிமன்ற அழைப்பாணை மூலம் கேட்கப்பட்டது. அதற்கு எதிராக எலெக்ட்ரொனிக் புரொன்டியர் பவுண்டேசன் என்ற அமைப்பு அப்பெண்களுக்காக முன்வந்தது.

பேட்டனைப் பரப்பியவர்கள் ஒரு பக்கம் எல்லை மீறினார்கள். உரிமை கேட்டவர்கள் மறுபக்கம் எல்லை மீறினார்கள். எமது பகுதியில் இன்று நடப்பதும் ஏறத்தாழ இதுவேதான்.

எமது சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் இது தொடர்பான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். இதில் வியாபாரிகள் அறிந்து கொள்ள வேண்டிய விடயங்களைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. ஓர் ஆக்கம் சொந்தமாக உருவாக்கப்பட்ட கணத்திலிருந்தே அதற்குப் பாதுகாப்பு வந்து விடுகிறது. புத்தகம், வரைபடம், ஓவியம், புகைப்படம் முதலியவை அதில் அடங்கும். பேட்டன் தாளில் உள்ள வரைபடங்கள், அதனோடு வரும் விளக்கக் குறிப்புகள், படங்கள் ஆகியவற்றை வரைந்தவரின் ஆக்கமாகவே கொள்ள வேண்டும். அவர் வெல்லம்பிட்டியில் ஒரு சிறிய அறைக்குள் இருந்து வரைந்தாலும் சரி, பாரிஸில் இருந்து வரைந்தாலும் சரி, ஒன்றுதான். “இது வெளிநாட்டு பேட்டன்தானே, இங்கே யார் கேட்கப் போகிறார்கள்?” என்ற பேச்சும் சரியல்ல. இலங்கை 1959ஆம் ஆண்டு முதல் பேர்ன் சமவாயத்தில் அங்கம் வகிக்கிறது. அங்கத்துவ நாட்டவரின் ஆக்கத்துக்கு இங்கும் பாதுகாப்பு உண்டு.

இரண்டாவது, கருத்து, செய்முறை, செயற்படும் வழி, கோட்பாடு என்பவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. இதையும் அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கையை எப்படி வெட்டினால் சுருக்கம் விழும், இடுப்பில் எத்தனை மடிப்பு வைத்தால் அபாயா விரியும் என்பதெல்லாம் செய்முறை. அது எவருக்கும் தனிச் சொத்தாகாது.

மூன்றாவது, நேர்மையாகக் கிடைத்த ஒரு பிரதியிலிருந்து ஒருவர் தமது சொந்தத் தேவைக்காக மாத்திரம் ஒரு பிரதி எடுத்துக் கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. “சொந்தத் தேவை”, “ஒரு பிரதி” என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டும். வீட்டில் தைக்கும் ஐந்து பேருக்கு ஐந்து பிரதி எடுத்துக் கொடுப்பது இதில் அடங்காது. 200 பேர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போடுவது எந்த விதத்திலும் அடங்காது.

நான்காவது, தண்டனை. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் அது குற்றம். முதற் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுபடி செய்தால் இரட்டிப்பாகும். நட்டஈட்டுக்கும் தடையுத்தரவுக்கும் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கணக்குப் புத்தக வழக்கு

“பேட்டனுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அதில் சொல்லப்பட்ட வெட்டுக்கு இல்லை என்றால் எப்படி?” என்று சிலர் குழம்பலாம். வியாபாரிகளுக்கு நன்றாகவே விளங்கக்கூடிய ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அது தையல் வழக்கல்ல, கணக்குப் புத்தக வழக்கு.

அமெரிக்காவில் செல்டன் என்பவர் புதிய கணக்கு முறை ஒன்றை விளக்கிப் புத்தகம் எழுதினார். அதில் கோடிட்ட மாதிரிப் பக்கங்களும் இருந்தன. பேக்கர் என்ற இன்னொருவர் ஏறத்தாழ அதே முறையில் கணக்கு எழுதக்கூடிய புத்தகங்களைச் செய்து விற்றார். செல்டன் தரப்பு வழக்குப் போட்டது. 1879இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்டனின் புத்தகத்தை அச்சிட்டு விற்க வேறு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தப் புத்தகம் கற்றுத்தரும் முறைப்படி கணக்கு எழுதுவதை அவர் தடுக்க முடியாது என்பதே அதன் சாரம்.

இதைத் தையலுக்குப் பொருத்திப் பாருங்கள். பேட்டன் என்பது புத்தகம் மாதிரி. உடுப்பு என்பது அந்த முறைப்படி எழுதிய கணக்கு மாதிரி. புத்தகத்தைப் பிரதி எடுத்தால் தவறு. கணக்கு எழுதினால் தவறில்லை. சமையல் குறிப்புப் புத்தகத்தைப் பிரதி எடுத்து விற்க முடியாது. ஆனால் அதைப் பார்த்துச் சமைத்த புரியாணியை விற்கலாம் என்பது போலத்தான் இதுவும்.

நான் நேரில் கண்ட வழக்கு

கடந்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் இரு தரப்பினர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் ஒருகொடவத்தையில் ஆறு மெஷின் வைத்து அபாயா தைப்பவர். மற்றவர் பெண் பிள்ளைகளின் அபாயாவுக்கு பேட்டன் வரைந்து விற்கும் ஒரு சகோதரி. பெயர்களைத் தவிர்த்துக் கொள்கிறேன்.

சகோதரியிடம் காசு கொடுத்து பேட்டனை வாங்கிய அந்த வியாபாரி, பெருநாளுக்காக 300 உடுப்புக்கள் தைத்து விட்டார். பைலைத் தனது கட்டருக்கு அனுப்பியிருக்கிறார். கட்டர் அதைத் தனக்குத் தெரிந்த தையல்காரர்களின் குழுவில் போட்டு விட்டார். போதாக்குறைக்கு, சகோதரியின் பக்கத்திலிருந்த புகைப்படத்தையே எடுத்து வியாபாரியின் பக்கத்தில் விளம்பரமாகவும் போட்டிருக்கிறார்கள்.

“மூணு மாசம் ராவு பகலா வரைஞ்ச பேட்டன் நானா. இப்ப எல்லார்ட போன்லயும் ஈக்கிது. இனி யாரு என்னத்தக் காசு தந்து வாங்கப் போற?” என்றார் சகோதரி. அந்த 300 உடுப்புக்களையும் விற்கக் கூடாது என்பது அவரது கோரிக்கை. பைலின் கடைசிப் பக்கத்தில் “சொந்தப் பாவனைக்கு மாத்திரம்” என்று எழுதியிருப்பதையும் காட்டினார்.

“நான் களவெடுக்கல்லயே நானா. காசு குடுத்துத்தானே வாங்கின. வாங்கின சாமான் என்ட சாமான்தானே?” என்றார் வியாபாரி.

இருவரும் பாதி சரி, பாதி பிழை என்பதுதான் என் அபிப்பிராயமாக இருந்தது. உடுப்புக்களைப் பற்றி வியாபாரி சொன்னது சரி. 300 உடுப்புக்களும் அவரது துணி, அவரது கூலி, அவரது உழைப்பு. “சொந்தப் பாவனைக்கு மாத்திரம்” என்ற வரி காசு கொடுத்த பிறகுதான் கண்ணில் படுகிறது. வாங்குவதற்கு முன்பே சொல்லி, அவர் ஒப்புக் கொண்டு வாங்கியிருந்தால் அது ஒப்பந்தம். அப்போது வாக்கை மீறியவராவார். பிறகு காட்டப்படும் நிபந்தனைக்கு அந்தப் பலம் இருக்காது.

ஆனால் பைலைப் பற்றியும் படத்தைப் பற்றியும் சகோதரி சொன்னது முழுக்கச் சரி. பைலை வாங்கியவர் அதைப் பாவிக்கும் வசதியைத்தான் வாங்கினார். அதைப் பிரதி எடுத்து ஊருக்குக் கொடுக்கும் உரிமையை வாங்கவில்லை. ஒரு புத்தகத்தை வாங்கியதால் அச்சகம் போட உரிமை வந்து விடாதே. புகைப்படம் வேறு, அது எடுத்தவரின் ஆக்கம். இன்னொருவர் தைத்த உடுப்பின் படத்தைப் போட்டுத் தனது உடுப்பை விற்பது வாடிக்கையாளரையும் ஏமாற்றுவதாகும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டினேன். பேட்டன் 600 ரூபா என்று வையுங்கள். அந்தக் குழுவில் 200 பேர். அதில் நாலில் ஒருவர் வாங்கியிருப்பார் என்றாலும் 30,000 ரூபா. மூன்று மாத உழைப்புக்கு அந்தச் சகோதரிக்கு வரவேண்டியது அதுதான். வியாபாரிக்கு அந்த பைலைப் பரப்பியதால் கிடைத்தது என்ன? ஒரு சதமும் இல்லை. அவரது இலாபம் உடுப்பில்தான் வந்தது. தனக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல் இன்னொருவரின் பிழைப்பைக் கெடுப்பதைப் போன்ற வியாபாரம் எங்கேயாவது உண்டா?

கடைசியில் உடுப்புக்கள் விற்கப்பட்டன. படம் நீக்கப்பட்டது. பைல் குழுவிலிருந்து அழிக்கப்பட்டதோடு, பாவிக்க வேண்டாமென்று கட்டர் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். ஒரு தொகையைச் சகோதரிக்குக் கொடுக்க வியாபாரி சம்மதித்தார். அடுத்த டிசைனுக்கு முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு செய்வதென்றும் முடிவானது. எனினும், போன பைல் போனதுதான். அந்த பேட்டனை அச்சகோதரி அதன் பிறகு விற்கவில்லை. எவ்வளவு சமாதானம் பேசினாலும் திருப்பிக் கொடுக்க முடியாத நட்டம் அது.

பூ வேலை வேறு, வெட்டு வேறு

உடுப்பைத் தைத்து விற்கலாம் என்றதும், எதையும் பார்த்துத் தைக்கலாம் என்று எவரும் முடிவுகட்டி விடக் கூடாது. உடுப்பின் வெட்டு வேறு, அதன் மேல் வரும் அலங்காரம் வேறு.

அபாயாவின் கையிலும் முன்பக்கத்திலும் வரும் எம்ப்ரொய்டரி பூ வேலை ஒரு கலை ஆக்கம். எமது சட்டத்தில் “பிரயோகக் கலை ஆக்கம்” என்று ஒரு வகை உண்டு. பாவனைப் பொருளோடு சேர்ந்த கலைப் படைப்பு என்று அதற்குப் பொருள். கையால் செய்தாலும், தொழிற்சாலையில் செய்தாலும் சரி, ஆக்கிய திகதியிலிருந்து 25 வருடங்களுக்கு அதற்குப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2017இல், விளையாட்டரங்குகளில் ஆர்ப்பரிக்கும் குழுக்களின் சீருடை தொடர்பான ஸ்டார் அத்லெட்டிக்கா வழக்கில், உடுப்பின் மேலுள்ள கோலங்களுக்குப் பாதுகாப்பு இருக்கலாம், உடுப்பின் வெட்டுக்கு அது கிடையாது என்ற பிரிப்பை ஏற்றுக் கொண்டது.

எமது பகுதியில் கம்பியூட்டர் எம்ப்ரொய்டரி மெஷின் வைத்திருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும். மெஷினுக்குப் போடும் டீஎஸ்டி பைல் கைக்குக் கை மாறிக் கொண்டிருக்கிறது. “வாடிக்கையாளர் கொண்டு வந்தார், நான் அடித்துக் கொடுத்தேன்” என்பது நல்ல பதிலாகாது. பிரபல கார்ட்டூன் உருவங்களையும் கம்பனி லேபல்களையும் அடித்துக் கொடுப்போருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அங்கே பதிப்புரிமையோடு வர்த்தகக் குறியும் சேர்ந்து கொள்கிறது.

பதிந்து வைத்தவருக்கே பலம்

இனி, சொந்தமாக டிசைன் செய்வோரின் பக்கத்துக்கு வருவோம். “வெட்டுக்குப் பதிப்புரிமை இல்லையென்றால் எனது புதிய மாதிரியை எவரும் கொள்ளையடிக்கலாமா?” என்று கேட்கலாம். அதற்கும் சட்டத்தில் வழியுண்டு. அதுதான் கைத்தொழில் வடிவமைப்புப் பதிவு. கோடுகள், நிறங்கள், உருவம் ஆகியவற்றால் ஒரு பொருளுக்குத் தனித் தோற்றத்தைக் கொடுக்கும் புதிய வடிவமைப்பை, கொழும்பு 10, டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். பதிவு 5 வருடங்களுக்குச் செல்லுபடியாகும். மேலும் இரு தடவைகள் புதுப்பித்து மொத்தம் 15 வருடங்கள் வரை வைத்துக் கொள்ளலாம்.

இதில் முக்கியமான நிபந்தனை, வடிவமைப்பு புதியதாக இருக்க வேண்டும் என்பதாகும். பேஸ்புக்கில் படம் போட்டு, நாலு கடைக்கு விற்று, ஊரெல்லாம் தைக்கத் தொடங்கிய பிறகு பதியப் போனால் புதியது என்று எப்படிச் சொல்வது? ஆகவே முதலில் பதிவு, பிறகு படம்.

பதியாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் நல்ல உதாரணம் இருக்கிறது. பிரபல ஆடை வடிவமைப்பாளர் ரித்து குமாரின் ரித்திகா நிறுவனம், தனது டிசைன்களை பீபா நிறுவனம் பிரதி செய்கிறது என்று டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்நாட்டுச் சட்டப்படி, வடிவமைப்பாகப் பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல், தொழில் முறையில் 50 தடவைகளுக்கு மேல் உற்பத்தி செய்து விட்டால் அதற்கான பதிப்புரிமை இல்லாமல் போய்விடும். பதிவு செய்யாமலேயே 50க்கு மேல் உற்பத்தி நடந்து விட்டதால் 2016இல் தீர்ப்பு ரித்திகாவுக்கு எதிராக வந்தது. 50 என்ற கணக்கு இந்தியச் சட்டத்துக்கு உரியது. ஆனால் அதிலுள்ள பாடம் எல்லா நாட்டு வியாபாரிக்கும் பொருந்தும். அவ்வளவு பெரிய பெயரும் பதிவு இல்லாத இடத்தில் உதவவில்லை.

கடை மூடப்படும் ஆபத்து

நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வரும் இன்னோர் ஆபத்தும் உண்டு. பேஸ்புக், எட்சி போன்ற அமெரிக்கத் தளங்களில் விற்பவர்கள் அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் நடைமுறைக்கு உட்படுகிறார்கள். எவராவது “இது எனது ஆக்கம்” என்று முறைப்படி அறிவித்தால், தளம் முதலில் அந்தப் பதிவை நீக்கிவிடும், விசாரணை பிறகுதான். அடிக்கடி முறைப்பாடு வந்தால் கணக்கே மூடப்படலாம். பெருநாள் சீசனில் பத்து நாள் பக்கம் மூடியிருந்தால் என்ன நட்டம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

முறைப்பாடு பொய்யானால் எதிர் அறிவித்தல் கொடுக்கலாம். அதன் பிறகு முறைப்பாட்டாளர் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவு திரும்பப் போடப்பட வேண்டும். ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாக அதில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் யோசித்தே கொடுக்க வேண்டும். தெரிந்தே பொய் முறைப்பாடு செய்பவர் நட்டஈடு கொடுக்க நேரிடும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. போட்டிக் கடையை மூடவைக்க இதனை ஆயுதமாக்க நினைப்போர் இதைக் கவனத்திற் கொள்வது நல்லது.

மார்க்கத் தீர்ப்பும் இதுவே

“கண்ணுக்குத் தெரியாத உரிமைக்கு மார்க்கத்தில் பெறுமதி உண்டா?” என்றும் சிலர் கேட்பதுண்டு. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் நடந்த ஐந்தாவது அமர்வில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. வியாபாரப் பெயர், வர்த்தகக் குறி, எழுத்தாக்கம், கண்டுபிடிப்பு ஆகியன அவற்றுக்கு உரியவர்களின் உரிமைகள். இன்றைய வழக்கில் அவற்றுக்குப் பணப் பெறுமதி உண்டு. அவற்றில் அத்துமீறுவது கூடாது என்பதே அத்தீர்மானத்தின் சாரமாகும். ஆகவே, “துணியைத் திருடினால்தான் களவு, பைலைப் பிரதி எடுத்தால் களவில்லை” என்று மனதைத் தேற்றிக் கொள்ள இடமில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

பேட்டன் வாங்கித் தைக்கும் வியாபாரிகளுக்கு:

1. வாங்கும் முன்பே கேளுங்கள்: “நான் தைத்து விற்கப் போகிறேன், எத்தனை உடுப்பு வரை சம்மதம்?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதிப்புரிமைக்கான அனுமதி இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வட்ஸ்அப் செய்தி தனியே போதும் என்று இருந்து விடாதீர்கள். எனினும் அதை அழிக்காமல் வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அத்தகைய பதிவுகளுக்கு அந்தஸ்துக் கொடுக்கிறது.

2. பைலை ஒருவரின் பொறுப்பில் மாத்திரம் வையுங்கள். வெளியில் தைப்போருக்கு வெட்டிய துணியைக் கொடுங்கள், பேட்டனைக் கொடுக்காதீர்கள்.

3. விளம்பரத்துக்கு நீங்கள் தைத்த உடுப்பை நீங்களே படமெடுங்கள்.

பேட்டன் வரைந்து விற்போருக்கு:

1. நிபந்தனைகளைக் கடைசிப் பக்கத்தில் ஒளிக்காமல், விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். சொந்தப் பாவனைக்கு ஒரு விலை, தைத்து விற்போருக்கு ஒரு விலை என்று வைத்தால் சண்டையே வராது.

2. வரைந்த படிகளைத் திகதியுடன் பாதுகாத்து வையுங்கள். உங்களது ஆக்கம் என்பதற்கு அதுதான் சாட்சி.

3. உங்களுக்கு இல்லாத உரிமையைக் கேட்டு எவரையும் மிரட்டாதீர்கள். உள்ள உரிமையும் அதனால் மதிப்பிழந்து போகும்.

டிசைனருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளிமாருக்கு:

வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் ஆக்கியவற்றின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதலாளிக்குரியது. ஆனால் வீட்டிலிருந்து துண்டு வேலையாக வரைந்து தருபவர் உங்கள் ஊழியர் அல்லர். அவரிடம் வாங்கும்போது உரிமை யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொள்ளுங்கள். பெரிய தொகை சம்பந்தப்பட்டால் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டுச் செய்வதே சிறந்தது.

துணி வாங்கும்போது மீற்றருக்கு விலை பேசுகிறோம். நூலுக்கும் பட்டனுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறோம். உடுப்புக்கு உருவம் கொடுக்கும் அந்த வெட்டுக்கு மாத்திரம் கணக்கில் ஓர் இடம் இல்லை. 300 உடுப்பு தைப்பவர் உடுப்புக்கு 10 ரூபா வீதம் ஒதுக்கினாலும் வரைந்தவருக்கு 3,000 ரூபா போகும். வாடிக்கையாளருக்கு அது தெரியவும் வராது. அந்தக் காசு அவருக்குப் போனால் அடுத்த பெருநாளுக்கு ஒரு புதிய மாதிரி வரும். போகாவிட்டால் பழைய மாதிரியையே எல்லாக் கடைகளும் தைத்து, ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்து விற்க வேண்டியதுதான்.